கண்மணி வீட்டுத் தட்டு

என் மனைவி மனோரஞ்சிதம் ஜப்பான்காரனுக்குப் பயந்தவள் இல்லை. அவள் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான்: அயல் வீட்டுத் தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நேர்ந்துவிடுமோ என்பதற்கு.

சிங்கப்பூருக்கு ஷோனான் என்று பெயர் வைத்தார்கள், பொறுத்துக்கொண்டாள். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி, இருட்டோடு இருட்டாக என்னை வேலைக்கு அனுப்ப வைத்தார்கள், அதையும் பொறுத்துக்கொண்டாள். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சவர்க்காரம் போய்ச் சாம்பல் வந்தது. ஆனால் யாராவது பலகாரம் வைத்து அனுப்பிய தட்டு எங்கள் வாசலைத் தாண்டித் திரும்பும்போது, அதில் ஒரு பிடி சீனியாவது இருந்தாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவளுடைய அம்மா அப்படித்தான் செய்வாராம். சீனி இல்லையென்றால் இரண்டு வாழைப்பழம். அதுவும் இல்லையென்றால் என்ன செய்வது என்று நான் ஒருமுறை கேட்டேன். நல்ல குடும்பத்தில் அப்படி நடக்காது என்று பதில் வந்தது.

நடந்தது. 1943ஆம் வருஷத்துத் தீபாவளியன்று.

எங்கள் எதிர்வீட்டு மருதப்பன் பால்காரர். ஜப்பான் சண்டைக்கு முன் அவருக்குத் தொழுவம் நிறைய மாடுகள் இருந்தன. ஃபேரர் பார்க்கில் எங்கள் சந்தில் தொடங்கி தேக்காச் சந்தை வரைக்கும் அவர் பால்தான். பட்டாளம் வந்தது, இறைச்சிக்கென்று மாடுகளை ஓட்டிக்கொண்டு போனது. லெட்சுமி என்ற ஒரு வெள்ளைப் பசுவை மட்டும் விட்டுவைத்தார்கள். கருணையினால் அல்ல. மேட்டுப் பங்களாவில் தங்கியிருந்த அதிகாரிகளுக்குத் தினமும் பால் வேண்டியிருந்தது. பசுவுக்குத் தவிட்டு மூட்டையை அவர்களே கொடுத்தார்கள், பாலையும் அவர்களே அளந்து வாங்கிக்கொண்டார்கள். அளவு குறைந்தால் கன்னத்தில் விழும். அந்த நாட்களில் கன்னத்தில் வாங்காத ஆண்பிள்ளை ஊரில் குறைவு. நான் தண்ணீர் இலாகாவில் கிளார்க். போதுமான அளவு குனியவில்லை என்று வாசற்காவல் சிப்பாய் எனக்கும் ஒன்று தந்திருக்கிறான். பல நாள் காதுக்குள் வண்டு இரைந்தது.

லெட்சுமியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அப்படி ஒரு சாதுவை நான் பார்த்ததில்லை. சந்துப் பிள்ளைகள் அதன் காலுக்கிடையில் புகுந்து ஒளிந்து விளையாடுவார்கள். அது வாலைக்கூட வேகமாக ஆட்டாது. என் மேலதிகாரிகளுக்கு அதன் குணத்தில் பாதி இருந்திருக்கலாம்.

தீபாவளியன்று மருதப்பனின் மனைவி கண்மணி ஒரு பித்தளைத் தட்டில் பால்கோவா கொண்டுவந்தாள். அளந்து கொடுக்கிற பாலில் எப்படித்தான் மிச்சம் பிடித்தாளோ! அப்போது எங்கள் மகள் பூரணம் மலேரியாவில் விழுந்து கிடந்தாள். வீட்டிலிருந்த போர்வை அத்தனையும் போதாமல் என் கோட்டையும் மேலே போட்டிருந்தோம். எதைக் கொடுத்தாலும் துப்பிக்கொண்டிருந்த பிள்ளை பால்கோவாவைத் தின்று, இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். மனோரஞ்சிதம் அடுக்களையில் போய் நின்று அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன், ஆனால் கோட்டைச் சரிசெய்கிற சாக்கில்.

பிறகு அவள் தட்டைக் கழுவினாள். சீனி டப்பாவைத் திறந்தாள். காலி. வாழைப்பழம் கிடையாது. வெல்லம் கிடையாது. அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"கிறிஸ்மஸுக்கு அச்சுப்பலகாரம் சுட்டு, அதை வைச்சுக் குடுக்கிறன்," என்றாள்.

"கிறிஸ்மஸ் எங்கை கிடக்குது! அதுவரைக்கும் அவையளின்ரை தட்டை வைச்சிருக்கப் போறீரோ?"

"நீங்கள் சும்மா இருங்கோ."

சும்மா இருந்தேன். கண்மணியின் தாய்வீட்டுச் சீர்த்தட்டு அது. விளிம்பில் அவள் பெயர் வெட்டியிருந்தது. அது எங்கள் அலுமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்தது. மனோரஞ்சிதம் அடிக்கடி அதை இறக்கிப் புளி போட்டுத் துலக்கி மறுபடி ஏற்றுவாள். எங்கள் வீட்டில் ஒழுங்காகக் குளித்துக்கொண்டிருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான்.

முதலில் கண்மணி வழக்கம்போல வாசலில் நின்று குரல் கொடுத்தாள். பிறகு குரல் குறைந்தது. பிறகு எங்களைக் கண்டால் குனிந்து தொழுவத்துக்குள் போகத் தொடங்கினாள். "தட்டைக் காணேல்லை எண்டு முகத்தைத் திருப்புறாள்," என்று மனோரஞ்சிதம் முடிவு கட்டினாள். அந்த வெட்கத்தில் இவள் பின்வழியாகப் போய்வர ஆரம்பித்தாள். ஒரு தட்டால் இரண்டு வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டன.

இதற்கிடையில் என் பாதம் வீங்கியது. முதலில் சப்பாத்து நுழையவில்லை, பிறகு செருப்பும் நுழையவில்லை. முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால், பிசைந்த மாவில் அழுத்தியது போலக் குழி அப்படியே நின்றது. அலுவலகத்துக்குப் போக முடியாமல் ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் விழுந்துவிட்டேன். எங்கள் சபையைச் சேர்ந்த டாக்டர் முத்துசாமி, டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் வந்து பார்த்தார்.

"பெரிபெரிங்க ஐயா. வெறும் மரவள்ளியா தின்னா இப்படித்தான். ஊசி மருந்தெல்லாம் ஜப்பான்காரனோட பூட்டுக்குள்ள இருக்கு. எங்கிட்ட ஒண்ணும் இல்ல. தவிடு சாப்பிடுங்க. நல்ல அரிசித் தவிடு. கஞ்சியில போடுங்க, புட்டு அவிங்க, எப்படியாவது உள்ள போகணும்."

"தவிடு கிடைக்காட்டி?" என்று மனோரஞ்சிதம் கேட்டாள்.

டாக்டர் என் காலைப் பார்த்தபடியே சொன்னார். "தண்ணி இப்ப முழங்கால்ல நிக்குதும்மா. நெஞ்சுக்கு ஏறிடுச்சுன்னா, அப்புறம் நான் வந்தும் பிரயோசனம் இல்ல."

அன்றிலிருந்து மனோரஞ்சிதம் தேக்காச் சந்தையில் ஏறி இறங்கினாள். கோழி வளர்ப்பவர்களைக் கேட்டாள், பன்றி வளர்க்கும் சீனர்களையும் கேட்டாள். அவர்களே மரவள்ளித் தோலைத்தான் தீனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெறுங்கையோடு வந்து நின்றவள் கண்ணெதிரே, ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கண்மணி லெட்சுமிக்குத் தொட்டியில் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். அதன் வாசனை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து போனது.

"முன்வீட்டிலை மூட்டையாக் கிடக்குது. போய்க் கேளுமன்," என்றேன்.

"அவளின்ரை தட்டு அலுமாரிக்கு மேலை கிடக்க, நான் போய்க் கையேந்துறதோ?"

"அப்ப தட்டையும் கொண்டுபோம்."

"வெறுந்தட்டையோ?"

"பிள்ளையையாவது அனுப்பும்."

"காய்ச்சல் விட்டு இப்பதான் எழும்பின பிள்ளையை இரக்க அனுப்பச் சொல்லுறியளோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, விடும். நான் செத்த பிறகு தட்டு நிறையப் பூ வைச்சுக் குடுக்கலாம்," என்றேன். அவள் எழுந்து போனாள். அடுக்களையில் சட்டிகள் பேசின.

கிறிஸ்மஸ் வரைக்கும் காத்திருக்க முடியாது என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. பெட்டியின் அடியில் வைத்திருந்த புதுச் சட்டைத் துணியைக் கொடுத்து ஒரு போத்தல் செம்பனை எண்ணெய் வாங்கி வந்தாள். தேங்காய்ப்பால் பிழிந்தாள். அரிசி மா ஏது? மரவள்ளி மாவைக் கரைத்தாள். முட்டை ஏது? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தாய்வீட்டு இரும்பு அச்சைக் காய்ச்சி மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டாள். பூவாக மலர வேண்டிய பலகாரம் அச்சை விட்டு வழுக்கி விழுந்து, எண்ணெயில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து போனது. மறுபடி தோய்த்தாள். மறுபடி பஞ்சு. எண்ணெய் முழுக்கச் சேறாகும்வரை விடவில்லை.

கரண்டியில் அள்ளிய அந்தச் சேற்றைப் பூரணம் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். "அப்பா, இது பூவோ, பூச்சியோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புத்தான் வினையாகிவிட்டது. சிரித்த மூச்சு திரும்ப உள்ளே போகவில்லை. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வாயைத் திறந்து திறந்து பார்த்தேன், காற்று வரவில்லை. பூரணம் கத்தினாள். மனோரஞ்சிதம் ஓடிவந்து என்னை நிமிர்த்திப் பிடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மாக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அலுமாரிக்கு மேலிருந்து தட்டை எடுத்தாள். முன்கதவைத் திறந்து, வெறும் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்தின் குறுக்கே நடந்தாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்மணி தொட்டியில் கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"கண்மணி, உன்ரை தட்டு. வெறுமையாத்தான் கொண்டுவந்தனான். வைச்சுக் குடுக்க வீட்டிலை ஒண்டுமில்லை. அதுதான் இவ்வளவு நாளும்..."

கண்மணி தட்டை வாங்கவில்லை. "தட்டாக்கா? நான் தட்டயா கேட்டேன்?" அவள் குரல் உடைந்தது. "அந்தப் பால்கோவா காளியம்மன் கோயில்ல வச்சுப் படைச்சதாச்சே, அதப் போயி வேதக்காரங்க வீட்டுக்குக் குடுத்துட்டோமே, கோவிச்சுக்கிட்டுக் கொட்டிட்டாங்க போலன்னு நெனச்சேன்கா. அதுலருந்து உங்க மொகத்தப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு."

"கொட்டுறதோ? பூரணம் தட்டை வழிச்சு நக்கினவள்!"

"ஐயாவுக்கு முடியலன்னு தெரியும்கா. எதயாச்சும் குடுத்துவிடணும்னு தோணும். மறுபடியும் கோவிச்சுக்குவீங்களோன்னு பயந்துகிட்டே..."

மனோரஞ்சிதம் தொட்டியைக் கையால் காட்டினாள். "டாக்டர்... இவருக்கு... தவிடு..." என்றாள். அதற்கு மேல் அழுகைதான்.

கண்மணி தன் கையைப் பார்த்தாள். முழங்கை வரை தவிடு. "இதுக்காக்கா?" என்றாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடி, மூட்டையிலிருந்து கோபுரமாகக் குவித்துக்கொண்டு வந்தாள். மாட்டுத் தீனியை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் நடுச் சந்தில் கட்டிப் பிடித்து அழுததை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். மருதப்பன் தொழுவத்து வாசலில் நின்றார். அவர் ஒருமுறை மூட்டையைப் பார்த்தார், ஒருமுறை லெட்சுமியைப் பார்த்தார்.

"தெனமும் வந்து வாங்கிக்கிட்டுப் போங்கம்மா," என்றார்.

தவிட்டை வறுத்து, சலித்து, மனோரஞ்சிதம் புட்டு அவித்தாள். ருசியைப் பற்றிக் கேட்காதீர்கள். மரத்தூளுக்கும் மணலுக்கும் கல்யாணம் நடந்த வீட்டில் விருந்து சாப்பிட்டது போல இருந்தது. தின்றேன். காலையும் மாலையும் தின்றேன். சில நாட்களில் உடம்பிலிருந்த தண்ணீர் இறங்கத் தொடங்கியது. எழுந்து எழுந்து கொல்லைக்குப் போவதே எனக்கு வேலையாகிவிட்டது. தண்ணீர் இலாகாவில் இத்தனை வருஷம் இருந்தும் இப்படி ஒரு வடிகால் வேலையை நான் பார்த்ததில்லை.

தட்டு ஒவ்வொரு காலையும் வெறுமையாகப் போனது, நிறைந்து வந்தது. ஆரம்பத்தில் மனோரஞ்சிதம் தலையைக் குனிந்துகொண்டு போவாள். அப்புறம் போனால் வரவே நேரமாகும்; மருதப்பன் அந்நேரம் பங்களாவுக்குப் பால் கொண்டுபோயிருப்பார். எதிர்வீட்டிலிருந்து இருவரின் சிரிப்புச் சத்தமும் கேட்கும். நாற்காலியில் கிடந்தபடி அதைக் கேட்பது எனக்குத் தவிட்டை விட நல்ல மருந்தாக இருந்தது.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் வீட்டோடுதான் என்று முடிவு செய்தோம். சபை வரைக்கும் நடக்க எனக்குத் தெம்பில்லை. விருந்தாளி இல்லை, புதுத் துணி இல்லை. மனோரஞ்சிதம் சாம்பலும் தேங்காய்நாரும் போட்டு நிலத்தைத் தேய்த்தாள். பூரணம் பழைய காலண்டர் ஒன்றை எடுத்து நட்சத்திரங்கள் வெட்டினாள். அதில் இங்கிலாந்து ராஜாவின் படம் இருந்தது; யாராவது பார்த்தால் வம்பு. ராஜா உட்பக்கம் போகும்படி மடித்து ஒட்டினாள். எங்கள் ஜன்னலில் தொங்கிய நட்சத்திரம் ஒவ்வொன்றுக்குள்ளும் ராஜாவின் காதோ மூக்கோ ஒளிந்திருந்தது.

ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள். "அப்பா, லெட்சுமிக்கு எலும்பு தெரியுது."

"வயசு போகுது பிள்ளை. எனக்கும்தான் தெரியுது," என்றேன்.

கிறிஸ்மஸ் காலையில் பூரணம் என் காலில் விரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது, உடனே நிரம்பியது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுபடி அழுத்தச் சொன்னேன். மறுபடியும் நிரம்பியது. பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தோம். பெயர் சொல்லி நன்றி கூறுவது எங்கள் வீட்டு வழக்கம். பூரணத்தின் காய்ச்சல் விட்டதற்கு நன்றி சொன்னேன். டாக்டர் முத்துசாமிக்காகவும், அவருடைய சைக்கிளுக்காகவும் சொன்னேன். கண்மணிக்காகச் சொன்னேன். லெட்சுமிக்காகவும் சொன்னேன். பூரணம் சிரித்துவிட்டாள். மனோரஞ்சிதத்தின் பெயரைச் சொல்லி, அதோடு ஆமென் போட்டுவிட்டேன். மீதியை ஆண்டவர் தாமே நிரப்பிக்கொண்டிருப்பார்.

ஜெபம் முடிந்ததும் மனோரஞ்சிதம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் சுற்றினாள். டப்பா டப்பாவாகத் திறந்து மூடினாள். பழைய வியாதி திரும்பியிருந்தது.

"கிறிஸ்மஸ் அண்டைக்குமோ வெறுந்தட்டுப் போறது?"

"கொண்டாரும் இஞ்சை. இண்டைக்கு நான் கொண்டுபோறன்," என்றேன்.

செருப்புப் போட்டுப் பார்த்தேன், நுழைந்தது. பூரணத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சந்தின் குறுக்கே நடந்தேன். கண்மணி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். செருப்புச் சத்தம் கேட்டு, முதலில் என் காலைத்தான் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். கோலப்பொடியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏங்க! இங்க ஓடியாங்க! ஐயா நடந்து வந்திருக்காரு!"

மருதப்பன் தொழுவத்திலிருந்து வெளியே வந்தார். வாயெல்லாம் சிரிப்பு, ஆனால் ஒரு பக்கம்தான் சிரிக்க முடிந்தது. இடது கன்னம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கண்ணுக்குள் ரத்தம் கட்டியிருந்தது. அதற்குக் கீழே, மஞ்சளாக ஆறிக்கொண்டிருந்த பழைய காயம் ஒன்றும் இருந்தது.

"என்ன மருதப்பன் இது?"

"மாடு ஒதச்சிருச்சுங்கய்யா."

அவருக்குப் பின்னால் லெட்சுமி நின்றது. எண்ணிவிடலாம் போல விலா எலும்புகள். தொட்டியில் தண்ணீர்தான் அதிகம், தவிடு பேருக்கு மிதந்தது. மூலையில், பங்களாவுக்குக் கொண்டுபோகும் பால்பாத்திரம் கவிழ்த்து வைத்திருந்தது. நான் தின்ற புட்டெல்லாம் எந்த வாயிலிருந்து வந்தது என்றும், அந்தப் பாத்திரத்தில் குறைந்த பாலுக்கு யார் பதில் சொன்னார் என்றும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கன்னத்தில் விழும் அந்த அறையின் கனம் எனக்குத் தெரியும். நான் ஒன்றே ஒன்று வாங்கியவன். இவர் எத்தனை வாங்கினாரோ!

"இனி வேண்டாம் கண்மணி. மாட்டுக்கு வையும்," என்றேன்.

"சும்மா இருங்கய்யா. வீக்கம் இன்னும் முழுசா வத்தல," என்று அவள் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். மருதப்பன் தோளிலிருந்த துண்டால் ஒரு முக்காலியைத் தட்டிப் போட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா நின்னுகிட்டே இருக்கீங்களே. ஒக்காருங்கய்யா. காலு வலிக்கப் போவுது."

உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

தட்டோடு வீடு திரும்பியதும் மனோரஞ்சிதத்தை மேசைக்குக் கூப்பிட்டேன்.

"வாரும். இன்னொருக்கா ஜெபம் பண்ணவேணும்."

"காலமை பண்ணினனாங்கள்தானே?"

"ஒரு ஆளின்ரை பேரை விட்டிட்டன்," என்றேன்.